ஹார்மோன் சிகிச்சை: சீட்டு எப்போது போடுவது, மாத்திரை எப்போது தொடங்குவது

கடைக்கு வரும் சின்னப் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, நீங்க எந்த மாத்திரை போட்டீங்க?" என்பதுதான். "எந்த ஓபியில சீட்டுப் போடணும்?" என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. முதல் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. இரண்டாவதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

நான் திருநங்கை, ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். தையல் கடை வைத்திருக்கிறேன். முறையான ஹார்மோன் சிகிச்சை தொடங்கியபோது எனக்கு 27 வயது. ஆசை உறுதிப்பட்டதோ 25 வயதில். நடுவில் போன காலத்தில் பாதி மருத்துவமனை வரிசை, மீதிப் பாதி என் தயக்கம். வரிசை ரொம்ப நீளம் என்று கேள்விப்பட்டு, "முழுசாக உறுதியான பிறகு போகலாம்" என்று மாதக்கணக்கில் சும்மா இருந்தேன். உறுதியாகிப் போய் நின்றபோதுதான் வரிசையே ஆரம்பித்தது.

எங்கள் அப்பா அப்படிச் செய்யமாட்டார். மேட்டூர் ஜூன் 12 அன்று திறக்குமா, தள்ளிப்போகுமா என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் போர் தண்ணீரை வைத்து நாற்று விட்டுவிடுவார். ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு விதை தேடினால் குறுவை போச்சு. நாற்று விட்ட எல்லா வருடமும் நட்டுவிடவும் இல்லை. நட வேண்டாம் என்று முடிவெடுத்த வருடங்களும் உண்டு.

சீட்டுப் போடுவதும் நாற்று விடுவது மாதிரிதான். வரிசையில் நிற்பது ஒரு முடிவு, மருந்தை வாயில் போடுவது இன்னொரு முடிவு. முதலாவதற்குப் பாதி உறுதி போதும். இரண்டாவதற்குப் போவதற்குள் மீதி உறுதியைச் சேர்த்துக்கொள்ளலாம், அல்லது வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வரலாம். சீட்டுப் போட்டதால் யாரும் உங்களைப் பிடித்து ஊசி குத்தப் போவதில்லை.

சீட்டுப் போடும் அளவுக்கு உறுதி வந்துவிட்டதா?

உங்களையே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த எண்ணம் எத்தனை நாளாக இருக்கிறது? போன வாரம் வீட்டில் சண்டை நடந்ததிலிருந்து என்றால் கொஞ்சம் பொறுங்கள். வருடக்கணக்கில் வந்து போய் வந்து போய், ஒவ்வொரு முறையும் இன்னும் அழுத்தமாக வருகிறது என்றால் சீட்டுப் போடுங்கள்.

அடுத்தது, உங்களுக்கு எது மாற வேண்டும்? பெயர், உடை, மற்றவர்கள் கூப்பிடும் விதம் இவை மட்டும் என்றால் அதற்கு ஹார்மோன் தேவையில்லை. ஹார்மோன் எடுக்காத திருநங்கைகளும், பெண் என்று வளர்க்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிகளும் நிறையப் பேர் உண்டு, அவர்கள் யாரும் அரைகுறை இல்லை. உடம்பே வேறு மாதிரி இருக்க வேண்டும், கண்ணாடி முன்னால் நிற்க முடியவில்லை, குளிக்கும்போது கூட விளக்கை அணைத்துவிடுகிறேன் என்றால் அது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம்.

மூன்றாவது, யாராவது நெருக்குகிறார்களா? "எடுக்கவே கூடாது" என்று வீட்டில் நெருக்குவதும் நெருக்கம்தான், "இன்னும் எடுக்கலையா?" என்று திருநங்கைகளின் ஜமாத்தில் கேட்பதும் நெருக்கம்தான். காதலன் சொன்னான் என்பதற்காக மட்டும் தொடங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். காதலன் போய்விட்டான், மார்பு இருக்கிறது.

18 வயது நிரம்பாதவர்கள் சொந்தமாக ஒப்புதல் கொடுக்க முடியாது. அவர்கள் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பார்க்கத் தொடங்கலாம். அந்தப் பேச்சு பின்னால் உதவும். மருந்துக்கடைப் பக்கம் மட்டும் தனியாகப் போக வேண்டாம்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஹார்மோன் வரிசைக்காகக் காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அன்றே போகலாம். டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

எங்கே போய் நிற்பது?

டெல்டாவில் இருப்பவர்களுக்கு நல்ல விஷயம், அரசு மருத்துவக் கல்லூரி எட்டிய தூரத்தில் இருக்கிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், அப்புறம் திருச்சி. மயிலாடுதுறைக்காரர்களுக்குச் சொந்த மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. அவர்களுக்குச் சிதம்பரமும் திருவாரூரும் பக்கம். எந்தக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கும். முதல் சீட்டு அங்கேதான்.

"எனக்கு என்ன மனநோயா?" என்று கோபம் வரும். எனக்கும் வந்தது. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் இதை மனநோய்ப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டது. 2022 ஜனவரியிலிருந்து அந்தப் பதிப்புதான் நடைமுறை. ஆனாலும் ஹார்மோன் மருத்துவர் மருந்து எழுதும் முன், இவருக்கு விஷயம் புரிந்திருக்கிறது, சொந்த முடிவு இது என்று மனநல மருத்துவரிடமிருந்து ஒரு கடிதம் கேட்பார். 2022இல் வந்த உலகளாவிய வழிகாட்டு நெறிகளின்படி, வயது வந்தவருக்கு ஹார்மோன் தொடங்க ஒரு மதிப்பீடு போதும். நம் ஊரில் சில இடங்களில் இரண்டு கேட்பார்கள். கேட்டால் கொடுத்துவிடுங்கள், அதற்காகச் சண்டை போட்டு நாளை வீணாக்க வேண்டாம்.

கவுன்டரில் முழுக்கதையும் சொல்ல வேண்டியதில்லை. "மனநலப் பிரிவுக்குச் சீட்டு வேணும்" என்றால் போதும். சீட்டில் ஆதாரில் உள்ள பெயரையே கொடுங்கள், மனசு ஒப்பவில்லை என்றாலும். ரத்தப் பரிசோதனை ஒரு பெயரில், கடிதம் இன்னொரு பெயரில் என்று போனால் பின்னால் ஒவ்வொரு மேஜையிலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். கூப்பிடும் பெயரை மருத்துவரிடம் சொல்லி, கோப்பில் அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

உள்ளே போனால் சின்ன வயதிலிருந்து கேட்பார்கள். எப்போது தோன்றியது, வீட்டில் யாருக்குத் தெரியும், குடிப்பழக்கம் உண்டா, தூக்கம் எப்படி, ஹார்மோன் எடுத்தால் என்ன ஆகும் என்று தெரியுமா. இதற்கு மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள். நான் செய்தேன். சின்ன வயதில் பொம்மையோடுதான் விளையாடுவேன் என்று ஒப்பித்தேன். உண்மையில் நான் தெருவில் நல்ல பௌலர். டாக்டர் சிரித்துக்கொண்டே, "கிரிக்கெட் ஆடின திருநங்கையை நான் அனுப்பமாட்டேன்னு யார் சொன்னது?" என்று கேட்டார்.

எல்லோருக்கும் அப்படி ஒரு டாக்டர் கிடைக்கமாட்டார். "மனசை மாற்றிவிடலாம், கல்யாணம் பண்ணினால் சரியாகிவிடும்" என்று யாராவது சிகிச்சை தொடங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அப்படிப்பட்ட சிகிச்சைக்குத் தடை விதித்தார். அடுத்த வருடம் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. வேறு டாக்டரைப் பார்க்கலாம்.

அடுத்த சீட்டு எண்டோகிரைனாலஜி, அதாவது நாளமில்லாச் சுரப்பித் துறை. இங்கேதான் வரிசை நீளும். இந்தச் சிறப்பு மருத்துவர்கள் குறைவு. ஓபியும் வாரத்தில் சில நாட்கள்தான் இருக்கும், அன்றைக்குச் சர்க்கரை, தைராய்டு என்று கூட்டம் நெரியும். எந்தக் கிழமை ஓபி என்பதை முன்கூட்டியே விசாரிக்காமல் பஸ் ஏறாதீர்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் திருநர்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. கும்பகோணத்தில் இரவு உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது சென்னையில் இருக்கலாம். மயிலாடுதுறை, காரைக்கால் பக்கத்தவர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் தோதுப்படும், அங்கே எண்டோகிரைனாலஜி துறை இருக்கிறது. தனியாரிடம் போவதாக இருந்தால் பலகையில் "ஹார்மோன் ஸ்பெஷலிஸ்ட்" என்பதைப் பார்க்காதீர்கள், பெயருக்குப் பின்னால் டி.எம். எண்டோகிரைனாலஜி என்று இருக்கிறதா பாருங்கள். அப்புறம் போன் செய்து, திருநர்களைப் பார்ப்பாரா என்று நேராகவே கேட்டுவிடுங்கள். மாட்டார் என்றால் ஒரு பஸ் காசு மிச்சம்.

இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் சீட்டுப் போடலாம். அதில் தப்பே இல்லை. எது முன்னால் வருகிறதோ அங்கே போய்விட்டு, மற்றதை ரத்து செய்யுங்கள்.

கோப்பு பற்றி ஒரு சொல். ஒரு மருத்துவமனையில் என்னை மனநலத்திலிருந்து பொது மருத்துவத்துக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து "இதெல்லாம் இங்க பார்க்கறதில்லை" என்று திருப்பி அனுப்பினார்கள், மூன்றாவது முறை போனபோது கோப்பே காணோம். நாலு மாதம் போனது போனதுதான். அதிலிருந்து ஒவ்வொரு தாளையும் கையில் வாங்கியதும் போனில் படம் எடுத்துவிடுவேன். யாராவது "அங்கே போங்க" என்று வாயால் சொன்னால், துறையின் பெயரோடு சீட்டில் எழுதித் தரச் சொல்வேன். எழுதித் தந்த இடத்தில் இருந்து யாரும் என்னைத் திருப்பி அனுப்பியதில்லை. திருநர்களுக்கு ஹார்மோன் சிகிச்சையும் அதற்கு முன்னும் பின்னும் ஆலோசனையும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. சண்டைக்காக இல்லை, தைரியத்துக்காக அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காத்திருக்கும்போது செய்யக் கூடாத ஒன்று

வரிசை நீளமாக இருப்பதால் வரும் பெரிய கெடுதல் காலதாமதம் இல்லை. அந்த நேரத்தில் நாம் செய்யும் காரியம்தான்.

21 வயதில் எனக்கு ஒரு அக்கா மாலா மாத்திரை கொடுத்தார். கருத்தடை மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், கடையில் சொற்ப விலை. ஒன்று போட்டால் மார்பு மெதுவாக வளரும், நாலு போட்டால் சீக்கிரம் வளரும் என்றார். நாலு போட்டேன். வளர்ந்தது கொஞ்சம், வாந்தி நிறைய. அந்த அக்காவைக் குறை சொல்லமாட்டேன், அவருக்கும் யாரோ அப்படித்தான் கொடுத்திருப்பார்கள். ஆனால் அப்போது தெரியாத மூன்று விஷயங்கள் இப்போது தெரியும்.

அதில் இருப்பது எத்தினைல் எஸ்ட்ராடியால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன். மருத்துவர்கள் திருநங்கைகளுக்கு எழுதும் எஸ்ட்ராடியால் வேறு. செயற்கையானது கல்லீரலில் வேலை செய்யும் விதத்தால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறையும் ஆபத்து கூடுதல், நாலு மாத்திரை என்றால் இன்னும் கூடுதல். புகையிலையும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். இரண்டாவது, வழக்கமான எஸ்ட்ராடியால் ரத்தப் பரிசோதனையில் இந்தச் செயற்கை மருந்து தெரியாது. உடம்பில் எவ்வளவு ஓடுகிறது என்று டாக்டரால் அளக்கவே முடியாது. மூன்றாவது, அதே மாத்திரையில் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்று இன்னொன்று இருக்கிறது. அதற்கு லேசாக ஆண் ஹார்மோன் குணமே உண்டு. நாம் எதை அடக்க நினைக்கிறோமோ அதன் சாயல்.

இந்தக் கட்டுரையில் மருந்தின் அளவு எங்கேயும் இருக்காது. வேண்டுமென்றுதான் விட்டேன். என் அளவு என் ரத்தத்தைப் பார்த்துப் போட்டது.

திருநம்பித் தம்பிகளுக்கும் இதே கதைதான், மருந்து மட்டும் வேறு. ஜிம்மில் விற்கும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி எந்தச் சரக்கு, எவ்வளவு என்று விற்பவருக்கே தெரியாது. டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டும், அளவு தாண்டினால் ரத்தம் கெட்டியாகும். அதைப் பார்க்கத்தான் டாக்டர் அவ்வப்போது ரத்தம் எடுப்பார். ஜிம் மாஸ்டர் எடுப்பாரா?

ஏற்கெனவே ஏதாவது போட்டுக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். திட்டுவார், திட்டட்டும். எதை, எத்தனை நாள், எவ்வளவு என்று எழுதிக்கொண்டு போங்கள். கடைசி அட்டையையும் எடுத்துப் போங்கள்.

காத்திருக்கும்போது செய்யக்கூடியது

நிறைய இருக்கிறது. பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்த எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகம், கொழுப்பு எல்லாம் பார்த்து வைத்துக்கொள்ளலாம். அழுத்தமோ சர்க்கரையோ அதிகமாக இருந்தால் ஹார்மோன் மருத்துவர் முதலில் அதைக் குறைத்துவிட்டு வரச் சொல்வார். அங்கே போய்த் தெரிந்து ஒரு தவணை இழப்பதைவிட இப்போதே தெரிவது நல்லது. தொடை, கெண்டைக்காலில் ரத்தம் உறைந்த சரித்திரம் உங்களுக்கோ வீட்டிலோ உண்டா என்று அம்மாவிடம் கேட்டு வையுங்கள். எச்ஐவி மருந்து எடுப்பவர்கள் ஹார்மோனும் எடுக்கலாம், ஆனால் இரண்டு டாக்டருக்கும் இரண்டும் தெரிய வேண்டும்.

பீடி, சிகரெட், ஹான்ஸ் எல்லாவற்றையும் இப்போதே விடுங்கள். எங்கள் ஊர் வெற்றிலையைப் போடலாம், அதில் சுருட்டி வைக்கும் பாக்கும் புகையிலையும்தான் வினை.

பிள்ளை வேண்டுமா என்று யோசியுங்கள். 22 வயதில் இதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஹார்மோன் தொடங்கிய பிறகு விந்து உற்பத்தி குறையும், நிறுத்தினாலும் திரும்பும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். விந்தை உறையவைத்துச் சேமிப்பது கருத்தரிப்பு மையங்களில் நடக்கிறது. வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். தம்பிகள் ஒன்றைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். மாதவிலக்கு நின்றுவிட்டால் கர்ப்பமே ஆகாது என்று நினைக்கிறார்கள். டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்து இல்லை. கர்ப்பத்தில் அது கூடவே கூடாது.

ஹார்மோனால் ஆகாத வேலைகளை இந்தக் காலத்தில் முடிக்கலாம். ஈஸ்ட்ரோஜன் உங்கள் குரலை மாற்றாது, முளைத்த தாடியை எடுக்காது. குரலுக்குப் பயிற்சி, தாடிக்கு லேசர். லேசர் பல தவணை ஆகும் என்பதால் முன்னாலேயே தொடங்குவது லாபம். தம்பிகள் மார்பைக் கட்டத் துணிக்கட்டோ அடிபட்டால் சுற்றும் பேண்டேஜோ வேண்டாம், மூச்சை இறுக்கி விலா எலும்பைக் கெடுக்கும். அதற்கென்று தைத்த பைண்டர் இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்கு மேல் போடக் கூடாது, தூங்கும்போது கழற்றிவிட வேண்டும். நம் ஊர் சித்திரை வெயிலில் எட்டே அதிகம்.

தேதி வந்துவிட்டது. தொடங்கலாமா?

இப்போதுதான் இரண்டாவது முடிவு. எது எப்போது மாறும் என்று தெரிந்துகொண்டால் இதை எடுப்பது எளிது.

திருநங்கைகளுக்கு முதல் மூன்று மாதத்துக்குள் பாலுறவு ஆசை அடங்கும், காலையில் வரும் விறைப்பு குறையும். மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் தோல் மென்மையாகும், கொழுப்பு இடம் மாறத் தொடங்கும், மார்புக் காம்பின் அடியில் வலியோடு மொட்டு வரும். மார்பு முழு வளர்ச்சிக்கு இரண்டு மூன்று வருடம். மருந்தை நிறுத்தினால் கொழுப்பும் தோலும் திரும்பும், மார்பு திரும்பாது. தம்பிகளுக்கு முகப்பரு முதலில், மாதவிலக்கு சில மாதங்களில் நிற்கும், குரலும் சில மாதங்களிலேயே உடையத் தொடங்கலாம், தாடி நிறைய வருடங்கள் எடுத்துக்கொண்டு நிரம்பும். உடைந்த குரல் திரும்பாது.

இதை உங்கள் வீட்டு நாட்காட்டியோடு வைத்துப் பாருங்கள். வீட்டில் யாருக்கும் தெரியாது, ஆறு மாதத்தில் தங்கை கல்யாணம், நீங்கள்தான் பந்தி பரிமாற வேண்டும் என்றால் தள்ளிப்போடுவது கோழைத்தனம் இல்லை. பணம் ஒரு வருடத்துக்குத் தொடர்ந்து வராது என்றால் தள்ளிப்போடலாம். விட்டு விட்டு எடுப்பது உடம்புக்கும் மனசுக்கும் அலைச்சல். என் அனுபவத்தில் மாத்திரையைவிட ரத்தப் பரிசோதனைக்கும் பயணத்துக்கும்தான் அதிகம் போகிறது, அதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர், கல்லூரி கடைசி வருடம் முடியட்டும் என்று ஒரு தவணையைத் தள்ளிவைத்தார். குரல் உடையும்போது வகுப்பில் இருக்க விருப்பமில்லை என்றார். அது அவர் கணக்கு.

ஆனால் "எல்லோரும் சம்மதிக்கட்டும்" என்பது நாட்காட்டியில் இல்லாத தேதி. அதற்காகக் காத்திருக்காதீர்கள். ஒருவர், ஒரே ஒருவர், விஷயம் தெரிந்து உடன் இருந்தால் போதும். இரவில் உடம்புக்கு முடியவில்லை என்றால் கூப்பிட அந்த ஒருவர் வேண்டும்.

முதல் வருடம்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. வளர்ச்சி போதவில்லை என்று தோன்றும், எல்லோருக்கும் தோன்றும். அளவை நீங்களே கூட்ட வேண்டாம். ஆண் ஹார்மோனை அடக்க ஸ்பைரோனோலாக்டோன் எழுதியிருந்தால் இரண்டு விஷயம்: அடிக்கடி சிறுநீர் போகும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். வயல் வேலை பார்ப்பவர்கள் தண்ணீரைக் குறைக்க வேண்டாம். இளநீரும் வாழைப்பழமும் பொட்டாசியம் நிறைந்தவை. நம் ஊரில் இவை இல்லாத நாளே இல்லை என்பதால், எவ்வளவு சாப்பிடலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈஸ்ட்ரோஜன் எடுப்பவர் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, பார்வை மங்கி இதுவரை வராத தலைவலி வந்தாலோ காலை வரை பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, ஹார்மோன் எடுக்கிறேன் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் அந்த டாக்டர் வேறு எதையோ தேடிக்கொண்டிருப்பார்.